குதிரை நிற்கும் இடம்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் இவர்கள். டாக்டரம்மா. மிஷினைப் பார்த்துக்கொள்ளும் பெண். என் மனைவி. நான்.

குதிரை இல்லை. அதையும் சேர்த்திருக்க வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது.

போடியில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது அந்த ஆஸ்பத்திரி. நான் அங்கே போனது நோய்க்காக இல்லை. ஒரு சீட்டுக்காக.

நான் குரங்கணியில் குதிரை ஓட்டுகிறவன். மூன்று குதிரை. வெளியூர்க்காரர்கள் பார்த்தால் கழுதை என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் பிறந்தவை. நாங்கள் குதிரை என்றே சொல்வோம். ஜீப்பு போகிற ரோடு ஓர் இடத்தில் முடிந்துவிடும். அதற்கு மேலே ஏலத் தோட்டம். அரிசி, உரம், கேஸ் சிலிண்டர் எல்லாம் குதிரை முதுகில்தான் ஏறும். இறங்கும்போது ஏலக்காய் மூட்டை. காய் இல்லாத மாதத்தில் காப்பி, மிளகு. முப்பது வருடமாக இதுதான் வேலை. படித்தது ஐந்தாவது.

ஐப்பசிக் கடைசியில் ஒரு நாள், மூங்கில் வளைவுக்கு மேலே எனக்குத் தலை சுற்றியது. விழவில்லை. உட்கார்ந்தேன். கண் இருட்டி, கொஞ்ச நேரத்தில் தெளிந்தது. எழுந்து லோடைக் கொண்டுபோய் இறக்கினேன். ஆனால் நான் உட்கார்ந்ததைத் தோட்டத்துக் காவல்காரர் பார்த்துவிட்டார். நான் இறங்கி வருவதற்குள் போன் போயிருந்தது.

தோட்டத்து முதலாளிக்குப் போடியில் ஏலக்காய்க் கடை. கடை வாசலிலேயே நிறுத்திக் கேட்டார்.

"நெஞ்சுல கோளாறு இல்லைன்னு டாக்டர் சீட்டு கொண்டாப்பா. அதுக்கப்புறம் குதிரையை ஏத்து."

"தலைதான் முதலாளி சுத்துச்சு. நெஞ்சு இல்லை."

"மேல நீ கெடந்தா யாரு தூக்கியாறது? உன்னையும் மூட்டை மாதிரி கட்டித்தான் எறக்கணும். சீட்டு கொண்டா."

பக்கத்துத் தேவாரம் ஊர்க்காரர் ஒருவர் ஐந்து குதிரை வைத்துக்கொண்டு அந்த லோடைக் கேட்டுக்கொண்டிருந்தார். அது எனக்குத் தெரியும். சீட்டு இல்லை என்றால் லோடு அவருக்கு. லோடு இல்லாத குதிரையை வைத்துத் தீனி போட முடியாது. மூன்றையும் விற்க வேண்டும். விற்றுவிட்டால் எனக்குத் தெரிந்த வேலை வேறு எதுவும் இல்லை.

அதனால் போனேன். மனைவியும் வந்தாள். வர வேண்டாம் என்றேன். வந்தாள்.

மிஷினைப் பார்க்கும் பெண் என் நெஞ்சில் முடியை வழித்து, பத்து இடத்தில் ஒட்டி, பத்து வயர் மாட்டினாள். முன்னால் ஒரு டிவி. அதில் என் நெஞ்சு கோடாக ஓடியது. கீழே ஒரு ரப்பர் பாதை. அது பின்னால் ஓடும், நாம் முன்னால் நடக்க வேண்டும். மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை வேகம் கூடும், மேடும் கூடும்.

"மலை ஏறுற மாதிரிதான் பெரியப்பா," என்றாள்.

"அது தெரியும்த்தா."

"நாடித்துடிப்பு நூத்து நாப்பதாவது போகணும். போனாத்தான் டெஸ்ட்டு. முடியலைன்னா சொல்லிருங்க."

முன்னால் ஒரு கம்பி இருந்தது. பிடித்துக்கொண்டேன். பாதை ஓடியது. நடந்தேன். வேகம் கூடியது. மேடு கூடியது. சிரமமே இல்லை. ஒன்பது நிமிடம் ஆனது. நான் இன்னும் நடந்துகொண்டிருந்தேன். டிவியில் நூற்றெட்டு என்று இருந்தது.

"இந்த வயசுல இப்படி யாரும் நடக்கலை," என்றாள் அந்தப் பெண். "கோடும் நல்லா இருக்கு மேடம்."

சீட்டு கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

டாக்டரம்மா டிவியைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். எழுந்து வந்து மிஷினை நிறுத்தினார்.

"இந்த மேட்டுல, இந்த வேகத்துல நூத்தெட்டு வராது. ஐயா நடக்கலை. கம்பி இழுத்துட்டுப் போகுது."

என் மனைவி ஒரு தரம் சிரித்தாள். "மலையிலயும் அப்படித்தாம்மா. குதிரை ஏறும். இவரு பின்னாடி தொங்குவாரு."

அது உண்மை. எங்கள் வேலையில் எல்லோரும் அப்படித்தான். செங்குத்தான இடத்தில் மூட்டை கட்டிய கயிற்றின் பின் நுனியைக் கையில் சுற்றிக்கொள்வோம். குதிரை ஏறும். பாதி கனத்தை அது வாங்கிக்கொள்ளும். காலுக்கு மிச்சம். அந்தக் கம்பியைக் கண்டதும் கை தானாகவே அப்படிப் பிடித்திருக்கிறது. நான் ஏமாற்ற நினைக்கவில்லை. எனக்கு வேறு மாதிரி ஏறத் தெரியாது.

"உங்க குதிரையை வெளியிலயே கட்டிட்டு வாங்க," என்றார் டாக்டரம்மா. "அரை மணி நேரம் உக்காருங்க. மறுபடி நடக்கலாம். ரெண்டு விரல்தான் கம்பியில படணும்."

உட்கார்ந்தேன். மனைவியை ஒரு பார்வை பார்த்தேன்.

"என்ன பாக்குறீக? கேட்டாங்க, சொன்னேன்."

"யாரும் கேக்கலை."

"கேக்காட்டியும் சொல்லத்தான் செய்வேன்."

இரண்டாம் தடவை இரண்டு விரலை மட்டும் வைத்தேன். ஆறாவது நிமிடத்திலேயே மூச்சு வாங்கியது. எனக்கே ஆச்சரியம். நூறு. நூற்றுப் பத்து. டிவியையே பார்த்துக்கொண்டு நடந்தேன். கோடு ஒல்லியாக, ஊசி ஊசியாக எழுந்து விழுந்துகொண்டிருந்தது. நூற்றுப் பதினெட்டு. நூற்று இருபது. நூற்று இருபத்திரண்டு.

அங்கே கோடு மாறியது.

ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் மாறியது. ஊசி போய்விட்டது. அகலமாக எழுந்து, உச்சியில் இரண்டாகப் பிளந்திருந்தது. குதிரை காதை விறைத்தால் பின்னாலிருந்து தெரியுமே, அப்படி. அதற்கடுத்ததும் அப்படி. அதற்கடுத்ததும்.

"மேடம்," என்றாள் அந்தப் பெண்.

"பாத்துட்டேன். வேகத்தைக் குறை. ஐயா, நெஞ்சு வலிக்குதா?"

"இல்லை."

"என்ன தெரியுது?"

யோசித்தேன். வலி இல்லை. ஆனால் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. படியில் இறங்கும்போது இன்னொரு படி இருக்கிறது என்று காலை வைத்தால் தரை வந்துவிடும். அந்த மாதிரி உள்ளே ஒன்று.

"தெரிஞ்சதுதான். எப்பவாச்சும் மூங்கில் வளைவுல வரும்," என்றேன்.

பாதை மெதுவானது. நூற்றுப் பதினைந்து. டிவியில் அந்தக் குதிரைக் காது அப்படியே இருந்தது. நூற்றுப் பத்து. அப்போதும் இருந்தது. நூற்றாறுக்கு வந்ததும் பழைய ஊசி திரும்பிவிட்டது. அதையும் பார்த்தேன்.

உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். மனைவி முந்தானையால் என் கழுத்தைத் துடைத்தாள்.

எனக்குப் பயம் வரவில்லை. என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றிருந்தது. ஐம்பத்தேழு வருடமாக எனக்குள்ளே இருப்பதை அன்றுதான் வெளியே பார்த்தேன்.

"அது என்னது டாக்டரம்மா?"

அவர் ஒரு தாளில் வரைந்தார். "இருதயம் துடிக்க உள்ளுக்குள்ளயே ஒரு கரண்டு ஓடுது. மேல பிறந்து கீழ வரும். நடுவுல ரெண்டு வழியாப் பிரியும். வலது ஒண்ணு, இடது ஒண்ணு. ரெண்டுலயும் ஒரே நேரத்துல போனா கோடு ஒல்லியா இருக்கும். உங்களுக்கு வேகம் கூடினா இடது வழி தாங்கலை. அடைச்சுக்குது. கரண்டு வலது வழியா இறங்கி, சதைக்குள்ள புகுந்து, மெதுவா இடது பக்கம் போய்ச் சேருது. சுத்து. அதனாலதான் கோடு அகலமாயிருச்சு."

"மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்சா நாங்க ஓடை வழியா சுத்திப் போவோம். அந்த மாதிரியா?"

"அதேதான்."

"அடைச்சது நூத்து இருபத்திரெண்டுல. தெறந்தது ஏன் நூத்தாறுல?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"அதைக் கவனிச்சீங்களா? அடைச்ச வழி உடனே திறக்காது ஐயா. பின்னாடி வர்ற ஒவ்வொரு துடிப்பும் அதை மறுபடி அடைச்சுக்கிட்டே இருக்கும். வேகம் நல்லாக் குறைஞ்சாத்தான் அதுக்கு ஆற நேரம் கிடைக்கும்."

"எப்பவும் அதே நம்பர்லதான் அடைக்குமா?"

"ஏறக்குறைய. கொஞ்சம் முன்னப் பின்ன வரலாம்."

"வீட்ல சோறு வேணுமான்னு கேட்டா தலைதான் ஆடும்," என்றாள் மனைவி, அந்தப் பெண்ணிடம். "இங்க பாரு, வக்கீலாட்டம் கேக்குறாரு."

சீட்டு தரவில்லை. ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தாலும் இப்படிக் காட்டுமாம். மதுரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். கோடு மாறின இடத்தை மட்டும் தாளில் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டேன். அந்தப் பெண் தந்தாள். ரேஷன் கார்டு வைக்கிற பையில் வைத்திருக்கிறேன். இடப்பக்கம் ஊசி, வலப்பக்கம் காது. நடுவில் இடைவெளி ஒரு நெல் நீளம்.

ரயிலில் மதுரைக்குப் போனோம். வலது மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை விட்டுப் பார்த்தார்கள். அங்கேயும் ஒரு டிவி. இருதயத்தின் மேல் ரத்தக்குழாய் மிளகுக்கொடி மாதிரி படர்ந்திருந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் கொடி அசைந்தது. அடைப்பு எங்கும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அதைக் கொண்டுபோய்ப் போடியில் டாக்டரம்மாவிடம் கொடுத்தேன்.

"நல்ல செய்தி," என்றார். "குழாயில ஒண்ணுமில்லை. அந்த இடது வழி மட்டும்தான் கோளாறு."

"அப்ப சீட்டு?"

"அன்னைக்குத் தலை ஏன் சுத்துச்சு? இத்தனை வருசமா ஏறுறீங்க, வராதது அன்னைக்கு மட்டும் ஏன் வந்துச்சு? அது தெரியாம எப்படி எழுதுறது?"

"வெயில்," என்றேன்.

"ஐப்பசியில ஏது வெயில்?" என்றாள் மனைவி. "அன்னைக்கு மூத்த குதிரை போகலைம்மா. அதுக்குக் குளம்புல புண்ணு. வீட்ல கட்டிக் கெடந்துச்சு. சின்னதை முன்னாடி விட்டு ஓட்டிட்டுப் போனாரு."

"மூத்த குதிரைக்கும் இதுக்கும் என்ன?" என்றார் டாக்டரம்மா.

சம்பந்தம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அது நிற்கிற இடங்கள் நினைவுக்கு வந்தன.

மூத்த குதிரைக்கு ஒரு பழக்கம் உண்டு. ஏறும்போது மூன்று இடத்தில் நிற்கும். ஓடை. சாய்ந்த பாறை. மூங்கில் வளைவு. அடித்தாலும் நகராது. கொஞ்ச நேரம் நின்று, அதுவாகத்தான் நடக்கும். சோம்பேறி என்று நான் ஏசாத நாள் இல்லை. மற்ற குதிரைக்காரர்கள் கேலி செய்வார்கள். டீ குடிக்க நிற்கிறதா என்பார்கள். விளாறு ஒடித்து அடித்திருக்கிறேன்.

இதை டாக்டரம்மாவிடம் சொன்னேன். சொல்லிக்கொண்டு வரும்போதே என் கை கயிறு பிடிக்கிற மாதிரி மூடிக்கொண்டது. அதைப் பார்த்தேன். பிறகு மெதுவாகச் சொன்னேன்.

"காலு ஓஞ்சா என் கனம் பூராக் கயித்துல விழும். கனம் விழுந்தா மூத்தது நின்னுரும். சின்னதுக்கு அது தெரியாது. கனம் விழுந்தா இன்னும் வெரசா இழுக்கும். அன்னைக்கு மூங்கில் வளைவுல நிக்காம என்னை மேல இழுத்துட்டுப் போயிருச்சு."

 

"எத்தனை அடி வாங்கியிருக்கு அது," என்றாள் மனைவி.

டாக்டரம்மா சிரிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "இருக்கலாம்," என்றார். "ஆனா குதிரை பாத்துக்கும்னு நான் சீட்டுல எழுத முடியாது. எனக்கு நம்பர் வேணும்."

வழி சொன்னார். எப்போதும் போகிற மாதிரி மூத்த குதிரையோடு லோடு ஏற்ற வேண்டும். அது நிற்கிற மூன்று இடத்திலும், நின்ற உடனே, இடது மணிக்கட்டில் விரல் வைத்துப் பதினைந்து செகண்டு எண்ண வேண்டும். நான் எண்ணக் கூடாது, கூட வருகிற ஆள் எண்ண வேண்டும். தலை லேசாகச் சுற்றினாலும் அங்கேயே இறங்கிவிட வேண்டும்.

"முப்பது வரக்கூடாது. முப்பதுன்னா நிமிசத்துக்கு நூத்து இருபது. அடைக்கிற இடத்துக்குப் பக்கம். மூணு எடத்துலயும் முப்பதுக்குள்ள இருந்தா, நின்னு நின்னு ஏறலாம்னு சீட்டு எழுதித் தர்றேன். ஒரு எடத்துல முப்பது வந்தாலும் மலை வேண்டாம்னுதான் எழுதுவேன். சம்மதமா?"

"சம்மதம்."

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். கடையில் ஏலக்காயைக் கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நின்னு நின்னு போனா லோடு எப்பப்பா வந்து சேர்றது?"

"முப்பது வருசமும் நின்னுதான் போயிருக்கேன் முதலாளி. எப்ப வந்துச்சோ அப்பத்தான் வரும்."

அவர் காயைத் தட்டில் போட்டார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள சீட்டு வரலைன்னா தேவாரத்துக்காரனுக்குச் சொல்லிருவேன். உன் மேல கோவம் இல்லை, பாத்துக்க."

"தெரியும் முதலாளி."

எண்ணுவதற்குப் பழக வேண்டியிருந்தது. மனைவி எட்டாவது படித்தவள். போனில் பதினைந்து செகண்டு வைத்துக்கொண்டு எண்ணினாள். உட்கார்ந்திருக்கும்போது எனக்குப் பதினெட்டு. தண்ணீர்க் குடம் தூக்கி வந்தால் இருபத்திரண்டு. அவளுடையதை நான் எண்ணினேன். பத்தொன்பது. குதிரைக்கு எங்கே எண்ணுவது என்று தேடினேன். தாடைக்குக் கீழே, உள்பக்கம், ஒரு நரம்பு விரலில் தட்டுப்பட்டது. மூத்தது அசையாமல் நின்றது. பத்து. மறுபடி எண்ணினேன். பத்து.

"கிழவனும் கிழவியும் குதிரையும் கைபிடிச்சுக்கிட்டு நிக்கிறோம்," என்றாள் மனைவி. "யாராச்சும் பாத்தா மூணு பேருக்கும் கிறுக்குன்னுவாக."

மூத்ததன் குளம்பு ஆறியிருந்தது. வியாழக்கிழமை காலை மூன்று குதிரையிலும் லோடு கட்டினேன். அரிசி, உரம், ஒரு சிலிண்டர். மூத்தது முன்னால். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டேன். மனைவி எனக்குப் பின்னால் வந்தாள். அவள் இருபது வருடம் அந்தத் தோட்டத்தில் காய் எடுத்தவள். அவளுக்கு அந்த ஏற்றம் பெரிதில்லை. கையில் போன், ஒரு சின்ன நோட்டு, பேனா.

ஓடையில் குதிரை நின்றது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். போன் கத்தியதும் விட்டாள். இருபத்தைந்து. எழுதினாள்.

குதிரை நடந்தது. நடந்தோம். மேலே மேகம் இறங்கியிருந்தது. ஏலச் செடிக்குள் யாரோ பேசிக்கொண்டு காய் எடுத்தார்கள். ஆள் தெரியவில்லை.

சாய்ந்த பாறையில் குதிரை நின்றது. இருபத்தெட்டு.

அவள் எழுதிவிட்டு நோட்டை மூடவில்லை. நான் கேட்டேன்.

"மூங்கில் வளைவுல முப்பது வந்தா என்ன எழுதுவே?"

"வந்ததை எழுதுவேன்."

"இன்னும் ரெண்டு கூடினா மலை போயிரும்."

"போகட்டும்."

"குதிரையை விக்கணும்."

"விப்போம்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் நீங்க இருப்பீகள்ல," என்றாள். "நடங்க. குதிரை கெளம்பிருச்சு."

பாறைக்கும் வளைவுக்கும் நடுவில்தான் ஏற்றம் அதிகம். பாதை முழுக்கக் கல்லும் வேரும். அன்று அந்த இடத்தில் நான் என்னையே பார்த்துக்கொண்டு ஏறினேன். கனம் எப்போது கயிற்றில் விழுகிறது என்று கண்டுபிடிக்க நினைத்தேன். முடியவில்லை. நன்றாகத்தான் நடக்கிறேன் என்று எனக்குத் தோன்றியது. கால் ஓயவில்லை என்று தோன்றியது. இன்னும் பத்து அடி, இருபது அடி போகலாம் என்று தோன்றியது. வளைவு கண்ணுக்குத் தெரிந்தது. நெஞ்சுக்குள்ளே அந்தப் படி தவறுகிற உணர்ச்சி இன்னும் வரவில்லை.

குதிரை நின்றது.

கயிறு என் கையில் தொய்ந்தது. அப்போதுதான் அது அதுவரைக்கும் எவ்வளவு இறுக்கமாக இருந்தது என்று தெரிந்தது. கையில் தடம் விழுந்திருந்தது.

மனைவி என் இடது மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் விரல் குளிர்ந்திருந்தது. போனைத் தொட்டாள். உதடு அசைந்தது. சத்தம் இல்லை. நான் அவள் உதட்டைப் பார்க்கவில்லை. குதிரையின் காதைப் பார்த்தேன். இரண்டும் பின்னால் திரும்பியிருந்தன, எங்கள் பக்கம்.

போன் கத்தியது. அவள் கையை விடவில்லை. இன்னொரு கையால் நோட்டை என்னிடம் கொடுத்தாள். பேனாவையும் கொடுத்தாள். எண்ணைச் சொன்னாள். நான்தான் எழுதினேன்.

இருபத்தொன்பது.